மஞ்சப்பித்த வீட்டு ஐந்து பிள்ளைகள்

ஜிஜா டீச்சருக்கு அஸ்வதி டீச்சரைப் பிடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். ரொம்பப் பிடிக்கும். பிடிக்காதவள் பெயர் வாங்கினால் கொஞ்ச நாள் முணுமுணுத்துவிட்டு மறந்துவிடலாம். பிடித்தவள், அதுவும் நம் கையிலிருந்ததையே எடுத்துக்கொண்டு போய் ஊரெல்லாம் பெயர் வாங்கினால், என்ன செய்வது? ஜிஜாவுக்கு மூன்று வேளைச் சோற்றிலும் அந்தக் கல் கடிபட்டுக்கொண்டே இருந்தது.

அமரவிளையில் பழைய செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் வாழைக்குலைக் கடை வைத்திருந்த செல்லையனின் மூத்த மகள் அவள். பொறாமையின் ருசியைச் சின்ன வயதிலேயே கண்டவள் என்றுதான் சொல்ல வேண்டும். சபையில் ஒரு கிறிஸ்துமஸ் நாடகத்துக்குத் தேவதூதனின் சிறகை அட்டையும் பஞ்சும் வைத்து இவள்தான் ஒட்டினாள். நீளமான முடி இருக்கிறது என்று சிறகை வேறொருத்திக்கு மாட்டிவிட்டு இவளுக்கு இடையன் வேஷம் கொடுத்தார்கள். மேடையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்று, தான் ஒட்டிய சிறகு இன்னொருத்தி முதுகில் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் இப்போது மஸ்கட்டில் நர்ஸ். இன்றைக்கும் அவள் போட்டோ போட்டால் ஜிஜா லைக் போடுவதில்லை.

சுவாலஜியில் எம்.எஸ்சி படித்தாள். அங்கேதான் நெய்யாற்றின்கரைக்காரி அஸ்வதி அறிமுகம். ஒரே பெஞ்ச், ஒரே டிபன் பாத்திரம். பிறகு ஜிஜா குன்னத்துகாலுக்குக் கல்யாணமாகி வந்தாள். கணவன் சஜு கேஎஸ்ஆர்டிசி கண்டக்டர், நல்ல மனுஷன், ஆனால் யாரை எப்போது புகழக்கூடாது என்று தெரியாதவன். கல்யாணத்துக்குப் பிறகும் ஜிஜாவும் அஸ்வதியும் அரசு வேலைக்கான பி.எஸ்.சி தேர்வுக்குச் சேர்ந்தே படித்தார்கள். இரண்டு பேருக்கும் கிடைக்கவில்லை. அந்த விஷயத்தில் கடவுள் ஓரவஞ்சனை செய்யாததால் சிநேகமும் கெடவில்லை.

அந்தப் படிப்புக் காலத்தில் நடந்த ஒரு காரியத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். சுகாதாரத் துறைத் தேர்வு ஒன்று வந்தது. அதில் மனிதனுக்கு நோய் கொடுக்கும் வைரஸ்களைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துச் சொல்லும் பாடம் உண்டு. பெயர்களைக் கேட்டாலே காய்ச்சல் வரும். ஹெர்பெஸ்விரிடே, பாரமிக்சோவிரிடே, பிக்கோர்னாவிரிடே. ஜிஜா வீட்டுச் சமையலறைக்குப் பின்னால் இருக்கிற வர்க் ஏரியாவில் ஜிஜா கப்பை, அதாவது மரவள்ளிக்கிழங்கு, உரித்துக்கொண்டிருந்தாள். அஸ்வதி கைட் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு அழுகிற நிலையில் இருந்தாள்.

“எனக்கு இது ஒண்ணும் தலையில கேற மாட்டேங்குது மக்கா. நான் எழுதப் போகல்ல.”

“அழாத. ஒரு ஆளப் பத்தி நம்ம ஊர்ல என்ன கேப்போம்? எந்த வீடுன்னு தானே? ரோட்டரிகத்து வீடா, தடத்தரிகத்து வீடான்னு. வீட்டுப்பேர் தெரிஞ்சா ஆளுக்க கொணம் தெரியும். இதுக்கும் அப்படியாக்கும்” என்றாள் ஜிஜா. கத்தியை வைத்துவிட்டு அங்கேயே கட்ட ஆரம்பித்தாள். “ஹெர்பெஸ்னு ஒரு வீடு உண்டு. அந்த வீட்டுக்காரன் ஒரு தடவ கேறினா பிறகு எறங்க மாட்டான். சின்னதுல சிக்கன்பாக்ஸ் வரும், மாறும். போயாச்சுன்னு நெனப்போம். போகாது. நரம்புக்குள்ள ஒளிச்சிருந்துட்டு வயசாகும்போ அக்கியாட்டு வெளியே வருவான்.”

“அப்போ வசூரி? அதுவும் அந்த வீடுதானா? பெரியம்மை, சின்னம்மைன்னு அக்கா தங்கச்சி மாதிரியில்லா பேரு?”

“பேரப் பாத்து வீடு சொல்லப்பிடாது! வசூரி பாக்ஸ் வீடு. அது பூட்டிப்போட்ட வீடு, ஊசி போட்டே ஒழிச்சாச்சு. டெங்குவும் சிக்குன்குனியாவும் ஒரே கொசு மேல கேறி வருது. அதுக்காக ஒரே வீடா? பாறசாலை பஸ்ல வாறவனெல்லாம் எனக்க மச்சானா?”

அஸ்வதி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஜிஜாவுக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. டெங்குவை ஃப்ளேவி வீட்டிலும் சிக்குன்குனியாவை டோகா வீட்டிலும் குடிவைத்தாள். தட்டம்மையும் பொன்னுக்கு வீங்கியும் பிறந்த பாரமிக்சோ வீட்டில் நிபாவை ஒரு கொலைகாரச் சித்தப்பாவாக உட்கார வைத்தாள். கொரோனா மாதிரிச் சில வீடுகளுக்குக் கொழுப்பில் மதில் உண்டு, சோப்புப் போட்டால் மதில் கரைந்து வீடு விழுந்துவிடும். மதில் இல்லாத வீட்டுக்காரன்தான் உண்மையில் முரடன் என்றாள். கடைசியில் மஞ்சப்பித்தம், அதாவது மஞ்சள் காமாலை வந்தது. ஏ, பி, சி, டி, இ. கப்பை வெந்து மணம் வந்துவிட்டது, இரண்டு பேருக்கும் பசி.

“இது லேசு. ஒரே வீடு. அஞ்சு ஆம்பிளப்பிள்ளைய. எனக்க மாமியாரு சஜு, பிஜு, ஷிஜுன்னு வரிசையா பேரு வச்சா அல்லியா, அதுபோல ஏ, பி, சி, டி, இ. எல்லாவனுக்கும் வேலை கரளைக் கெடுக்கது. எழும்பு, சாப்பிடுவோம்” என்று ஜிஜா முடித்தாள். கரள் என்றால் ஈரல். இரண்டு பேரும் வயிறு நிறையக் கப்பையும் மத்திக் கறியும் தின்றார்கள்.

பிறகு வருஷங்கள் ஓடின. பாறசாலையில் சுந்தரதாஸ் சார் நடத்துகிற கோச்சிங் சென்டரில் இரண்டு பேருக்கும் வேலை கிடைத்தது. நர்சிங் முடித்த பிள்ளைகளும் தேர்வு எழுதுகிற பிள்ளைகளும் வருகிற இடம். ஒரு பெரிய ஹாலை நடுவே பிளைவுட் தட்டி வைத்து மறைத்து இரண்டு வகுப்பாக்கியிருந்தார்கள். இந்தப் பக்கம் ஜிஜா, அந்தப் பக்கம் அஸ்வதி. அங்கே இருமினால் இங்கே கேட்கும்.

கொரோனா வந்து போன பிறகு வைரஸ் பாடத்துக்குத் திடீரென்று மவுசு கூடியது. அப்போதுதான் அஸ்வதி ஒருநாள் வகுப்பில் வீட்டுப்பேர் சொல்ல ஆரம்பித்தாள். அவளுக்கு நல்ல குரல், கோயில் கலையரங்கத்தில் பாடிப் பழகிய குரல். மலையாளமும் தமிழுமாகக் கலந்து கொட்டினாள். பாறசாலை பஸ் வந்தது, பூட்டிப்போட்ட வீடு வந்தது, கொலைகாரச் சித்தப்பா வந்தான். தட்டியே ஆடுகிற மாதிரி பிள்ளைகள் சிரித்தார்கள். இந்தப் பக்கம் ஜிஜாவும் முதல் நாள் சிரிக்கத்தான் செய்தாள். என் சங்கதியை நன்றாகவே சொல்கிறாள் என்று பெருமையாகக்கூட இருந்தது. வகுப்பு முடிகிறபோது ‘இது ஜிஜா டீச்சர் சொல்லித் தந்ததாக்கும்’ என்று ஒரு வார்த்தை வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள். வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

ஒரு மாணவன் அதை மொபைலில் எடுத்துப் போட்டான். அது எங்கெங்கோ போயிற்று. களியிக்காவிளையிலிருந்தும் பாலராமபுரத்திலிருந்தும் பிள்ளைகள் ‘வீட்டுப்பேர் டீச்சர் கிளாஸ் இங்கதானா?’ என்று விசாரித்துக்கொண்டு வந்தார்கள். சுந்தரதாஸ் சார் வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தார், அஸ்வதியின் முகம் போட்டு. மற்ற ஆசிரியர்கள் பெயர் கீழே பொடி எழுத்தில் இருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கினால் அந்த முகத்தைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். ஜிஜா குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போவாள், வெயில் இல்லாத நாளிலும்.

சஜு வேறு. “அஸ்வதிக்க வீடியோவ எனக்க பஸ்ல ஒரு பிள்ள இருந்து பாத்துக்கிட்டு வந்தா கேட்டியா. என்னா அறிவு அந்தப் பெண்ணுக்கு! எப்படித்தான் இதெல்லாம் தோணுதோ!” என்றான், சாப்பிட்டுக்கொண்டே.

“எனக்கு எப்படித் தெரியும்?” என்று ஜிஜா அவன் தட்டில் குழம்பை ஊற்றினாள். வேண்டிய அளவுக்கு மேலேயே ஊற்றினாள்.

சொல்லிவிட்டால் என்ன என்று கேட்கலாம். எப்படிச் சொல்வது? ‘அது நான் கப்பை உரிக்கும்போது சொன்னது’ என்று நாற்பதை நெருங்குகிற ஒருத்தி ஸ்டாஃப் ரூமில் எழுந்து நின்று சொல்ல முடியுமா? சொன்னால் நம்புவார்களா? நம்பினாலும் சிரிக்க மாட்டார்களா? அவளுக்கு வேண்டியதெல்லாம் அஸ்வதி வாயிலிருந்து ஒரு தடவை தன் பெயர் வர வேண்டும். கேட்டு வாங்கினால் அதற்கு மதிப்பில்லை. அதனால் கேட்கவில்லை, கேட்காமல் உள்ளே புகைந்துகொண்டிருந்தாள்.

ஒருநாள் பொறுக்காமல், தன் வகுப்பில் தானும் வீட்டுப்பேர் சொல்லிப் பார்த்தாள். என்னுடையதை நான் சொல்வதற்கு என்ன என்ற வீறாப்பு. ஹெர்பெஸ் வீட்டுக்காரன் எறங்க மாட்டான் என்று சொன்னதும் முன் பெஞ்சில் ஒரு பெண் ஆசையாகச் சொன்னாள்: “டீச்சரும் அஸ்வதி டீச்சரைப் போலவே சொல்லப் பாக்கீங்க, இல்லியா டீச்சர்?” ஜிஜா சாக்பீஸைக் கீழே வைத்தாள். அதற்குப் பிறகு அவள் வகுப்பில் வீடும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. டிஎன்ஏ உள்ளவை, ஆர்என்ஏ உள்ளவை, உறை உள்ளவை, இல்லாதவை என்று வறட்டு வறட்டென்று நடத்தினாள். தப்பில்லாமல் நடத்தினாள், ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

அப்படித் தப்பில்லாமல் நடத்துவதற்காகப் பெரிய பாடப்புத்தகத்தை வாங்கி உட்கார்ந்து படித்தபோதுதான் அவளுக்கு ஒன்று தட்டுப்பட்டது. மஞ்சப்பித்த வைரஸ்கள் ஐந்தும் ஒரே வீடு இல்லை. ஏ வகை போலியோவும் ஜலதோஷமும் இருக்கிற பிக்கோர்னா குடும்பம். பி வகை ஹெபட்னா. சி வகை டெங்குவின் வீடான ஃப்ளேவி. டி வகை, பி-யின் துணை இல்லாமல் தலைகாட்ட முடியாத தனி ஆள். இ வகை ஹெப்பி என்கிற வேறொரு குடும்பம். ஈரலைக் கெடுப்பதில்தான் ஒற்றுமை, இரத்த சம்பந்தம் கிடையாது. ‘பேரப் பாத்து வீடு சொல்லப்பிடாது’ என்று சொன்ன அதே வாயால், பேரைப் பார்த்து ஐந்து பேரையும் ஒரு வீட்டில் தள்ளியவள் இவள்தான். தன் வகுப்பில் உடனே திருத்திக்கொண்டாள். அஸ்வதியிடம் சொல்ல வேண்டும் என்று முதலில் நினைக்கவே செய்தாள். ஆனால் அந்த வாரம்தான் வாசலில் ஃப்ளெக்ஸ் வந்தது.

அதன் பிறகு தட்டிக்கு அந்தப் பக்கம் “மஞ்சப்பித்த வீட்டுல அஞ்சு பிள்ளைய, வரிசையா பேரு” என்று அஸ்வதி தொடங்குகிறபோதெல்லாம் இந்தப் பக்கம் ஜிஜாவுக்கு ஒரு குளிர்ச்சி. வீட்டை எடுத்தவள் ஒழுகுகிற இடத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளட்டும். ஒருநாள் மழை பெய்யாமலா போகும். அந்த ஒழுகல் யார் வைத்தது என்பதை மட்டும் அவள் நினைத்துப் பார்க்கவில்லை. பொறாமைப்படுகிறவளுக்கு ஞாபகம் தனக்குச் சாதகமாகத்தான் வேலை செய்யும், பாவம்.

மழையும் வந்தது. குன்னத்துகால் பக்கத்தில் ஒரு கல்யாண வீட்டில் வெல்கம் டிரிங்க் குடித்தவர்களுக்கு வரிசையாக மஞ்சப்பித்தம். ஊர் பயந்துவிட்டது. அங்கே உள்ள வாயனசாலைக்காரர்கள், அதாவது நூலகக் கமிட்டி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு பொது வகுப்பு ஏற்பாடு செய்தார்கள். வைரஸ்களின் வீடுகள் என்பது தலைப்பு. வகுப்பு எடுப்பது அஸ்வதி டீச்சர். தலைமை தாங்குவது டாக்டர் நேசையன். மருத்துவக் கல்லூரியில் மைக்ரோபயாலஜி சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், அந்த ஊர்க்காரர்தான். ஜிஜா வீட்டிலிருந்து வாயனசாலைக்கு நடந்தே போகலாம். அவள் ஊரில், அவள் சங்கதியைப் பேச, வெளியூரிலிருந்து அஸ்வதியைக் கூப்பிட்டிருக்கிறார்கள்!

வெள்ளிக்கிழமை ஸ்டாஃப் ரூமில் சாப்பிட்டு முடித்ததும் அஸ்வதி ஒரு பெரிய சார்ட்டை மேஜை மேல் விரித்தாள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வீடு வரைந்து வண்ணம் அடித்திருந்தாள். மதில் உள்ளவற்றுக்கு மதில், பாக்ஸ் வீட்டுக் கதவில் பூட்டு. நடுவில் மஞ்சள் நிறத்தில் ஒரு வீடு, வாசலில் ஐந்து பையன்கள் உயர வரிசையில்.

“நேசையன் டாக்டர் இருப்பாரு மக்கா. எனக்குக் கையும் காலும் ஓடல்ல. நீ ஒருக்கா நல்லா பாரு. என்னவாவது பெசகு உண்டுன்னா இப்பமே சொல்லு.”

ஜிஜா குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு வீடாக விரலை வைத்துப் பார்த்தாள். மஞ்சள் வீட்டுக்கு வந்தபோது விரல் ஒரு கணம் நின்றது. சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை. அப்போதுகூட அஸ்வதி ‘இது நீ சொன்னதுதானே’ என்று தொடங்கியிருந்தால் இவள் சொல்லியிருப்பாள், சத்தியமாக. அஸ்வதி மேஜையில் கிடந்த மீன் முள்ளைப் பொறுக்கிக்கொண்டு முகத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

“நல்லாட்டு இருக்கு” என்றாள் ஜிஜா.

“நீ சொன்னா செரியாட்டு இருக்கும்” என்று அஸ்வதி சார்ட்டைச் சுருட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் ஜிஜா தன் நல்ல பாலராமபுரம் சேலையை எடுத்துக் கட்டினாள். சஜு ஆச்சரியமாகப் பார்த்தான். “கூட்டுக்காரிக்க புரோகிராம் அல்லியா, நல்லா ஒருங்கித்தான் போகணும்” என்று அவனும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டான். வாயனசாலை ஹால் நிறைந்திருந்தது. ஆஷா சுகாதாரப் பணியாளர்கள், குடும்பஸ்ரீ சுயஉதவிக் குழுப் பெண்கள், சென்டர் பிள்ளைகள். ஜிஜா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். டாக்டரின் முகம் நன்றாகத் தெரிகிற இடம்.

அஸ்வதி பிரமாதமாகப் பேசினாள். அதை ஒத்துக்கொள்ளாவிட்டால் ஜிஜாவுக்கே அடுக்காது. ஹெர்பெஸ் வீட்டுக்காரன் வந்தான், ஹால் சிரித்தது. பாறசாலை பஸ் வந்தது, சஜு தொடையில் தட்டிச் சிரித்தான், தன் பெண்டாட்டியின் ஜோக்குக்கு என்று தெரியாமலேயே. நேசையன் டாக்டரும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஜிஜாவுக்கு உதடு மட்டும் சிரித்தது. உள்ளே, அந்தச் சிரிப்பு ஒவ்வொன்றும் எனக்குச் சேர வேண்டியது, எனக்குச் சேர வேண்டியது என்று அடித்துக்கொண்டிருந்தது. கம்பளி போர்த்தி நின்ற அந்த மேடைக் குளிர்கூட ஞாபகம் வந்தது.

பிறகு அஸ்வதி மஞ்சள் வீட்டைக் கம்பால் தொட்டாள். ஐந்து பிள்ளைகளையும் வரிசையாக அறிமுகம் செய்தாள். ஜிஜா டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சிரிப்பு நின்றது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு சார்ட்டை நோக்கிக் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். இதோ, இதோ என்று ஜிஜா நாற்காலி நுனிக்கு வந்தாள்.

அதற்குள் இடையில் ஒருத்தி எழுந்தாள். பிந்து, தையல் கடைக்காரி, ஜிஜாவின் ரவிக்கையெல்லாம் தைக்கிறவள். “டீச்சர், ஒரு சம்சயம். எனக்க மகனுக்கு சின்னதிலேயே ஆசுபத்திரியில மஞ்சப்பித்தத்துக்க ஊசி போட்டதாக்கும். டீச்சருக்க வீடியோவில ஒரே வீட்டுக்காரன்னு கேட்டேன். அப்போ ஒரு ஊசி அஞ்சு பேருக்கும் போதும்னு நெனச்சு, அவனுக்கு மட்டும் வெள்ளம் கொதிக்க வைக்காம கிணத்து வெள்ளமே குடுக்கேன். அது போதும் அல்லியா?”

அஸ்வதி கம்பைத் தாழ்த்திவிட்டு டாக்டரைத் திரும்பிப் பார்த்தாள். மழை பெய்யட்டும் என்று ஜிஜா காத்திருந்தாள்தான். அது பிந்துவின் பையன் தலையில் விழும் என்று எண்ணியதில்லை. இரண்டு வீடு தள்ளி சைக்கிள் ஓட்டுகிற பையன் அவன்.

“போதாது மோளே” என்று டாக்டர் எழுந்தார். “அவனுக்குப் போட்டது பி-க்கு உள்ள ஊசி. இப்போ ஊர்ல ஓடுறது ஏ, வெள்ளத்துல வாறவன். பி-க்க ஊசி ஏ-யைத் தடுக்காது. இன்னைக்கே போய் வெள்ளம் கொதிக்க வை. இவங்க அஞ்சு பேரும் அண்ணன் தம்பி இல்ல. அஞ்சும் அஞ்சு வீடு. ஒரே சாயாக் கடையில வந்து இருக்கிறவங்க, அவ்வளவுதான். அந்தக் கடை நம்ம கரளாக்கும்.” பிந்து பையை எடுத்துக்கொண்டு அப்போதே வெளியே போனாள்.

டாக்டர் நல்ல மனுஷர். அஸ்வதியின் முகம் வெளுத்ததைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “அது போட்டும். ஆனா இப்படி வீட்டுப்பேர் வச்சுச் சொல்லுற வழி ரொம்ப நல்லது. நான் முப்பது வருஷம் பிள்ளைய ஒறங்கப் படிப்பிச்சேன். இது ஆருக்க மூளை டீச்சரே?”

அஸ்வதியின் முகம் தெளிந்தது. மூன்றாவது வரிசையைக் கைகாட்டினாள்.

“அந்தா இருக்கா பாருங்க சார், எனக்க ஜிஜா. முழுக்க அவளுக்க மூளையாக்கும். எனக்கு ஒண்ணும் தலையில கேறாம அழுதப்போ, கப்பை உரிச்சுக்கிட்டே சொல்லித் தந்தா. நான் வெறும் வாயாக்கும் சார். இன்னைக்கு முடிக்கும்போ சொல்லணும்னுதான் வச்சிருந்தேன்.”

ஹால் முழுக்கத் திரும்பியது. கைதட்டல். சஜு வாயைப் பிளந்து பெண்டாட்டியைப் பார்த்தான், பிறகு எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினான். எத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை! வந்தேவிட்டது, மஞ்சள் வீட்டின் ஐந்து பிள்ளைகளையும் இடுப்பில் சுமந்துகொண்டு.

“எழும்புங்க டீச்சரே” என்றார் டாக்டர். “கெட்டினது எல்லாம் நல்ல வீடு. அந்த ஒண்ணுதான் பெசகிப் போச்சு. டீச்சருக்கும் அது தெரியாதா?”

ஜிஜா எழுந்து நின்றாள். தெரியும் என்றால், பின்னே ஏன் சொல்லவில்லை என்று அடுத்த கேள்வி வரும். மேடையில் நிற்கிறவளிடம் வெள்ளிக்கிழமைதான் ‘நல்லாட்டு இருக்கு’ என்று சொல்லியிருக்கிறாள். தெரியாது என்றால், இத்தனை பேர் முன்னால் ஒரு டீச்சர் தன் பாடம் தெரியாதவள் ஆகிவிடுவாள். அந்த இரண்டில் அவமானம் குறைவாக இருந்ததை எடுத்துக்கொண்டாள்.

“தெரியாது சார்” என்றாள்.

“இல்ல சார்!” பின்னாலிருந்து ஒரு குரல். அனகா, ஜிஜா வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்து வாயே திறக்காமல் எழுதுகிற பெண். டீச்சரைக் குறைவாகப் பேசிவிட்டார்களே என்று முகம் சிவந்திருந்தது. “எங்க டீச்சருக்குத் தெரியும். எங்களுக்கு அஞ்சையும் அஞ்சு குடும்பமாட்டுத்தான் படிப்பிச்சாங்க. ஏ பிக்கோர்னா, பி ஹெபட்னா, சி ஃப்ளேவி, டி பி-க்க கூட மட்டும் வரும், இ ஹெப்பி. போன வருஷமே சொல்லித் தந்ததாக்கும். எங்க டீச்சருக்குத் தெரியாதது ஒண்ணும் இல்ல சார்.”

யாரும் சிரிக்காத, யாருக்கும் பிடிக்காத வகுப்பு என்று அவள் நினைத்திருந்த வகுப்பிலிருந்து ஒருத்தி தனக்காக எழுந்து நிற்கிறாள். ஜிஜாவுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

டாக்டர் ஒரு கணம் யோசித்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. “ஓ, அப்படியா! கூட்டுக்காரிய விட்டுக் குடுக்காண்டாம்னு தெரியாதுன்னு பறஞ்சதாக்கும். கண்டீங்களா, இதாக்கும் சிநேகம்!” என்றார். இந்த முறை கைதட்டல் இன்னும் பலமாக இருந்தது. ஆஷா பணியாளர் ஒருத்தி கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள்.

தட்டாதவள் ஒருத்திதான். அஸ்வதி கம்பைப் பிடித்தபடி மஞ்சள் வீட்டைப் பார்த்தாள். அந்த வீட்டின் மேல் வெள்ளிக்கிழமை ஒரு விரல் நின்றதை அவள் பார்த்திருக்கிறாள். பிறகு மெதுவாகத் திரும்பி ஜிஜாவைப் பார்த்தாள். கோபம் இருந்தால்கூட ஜிஜா சமாளித்திருப்பாள். அஸ்வதி அவளைத் தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

திங்கட்கிழமை சுந்தரதாஸ் சார் ஃப்ளெக்ஸை மாற்றச் சொல்லிவிட்டார், இரண்டு முகமும் சேர்த்துப் போட. தட்டிக்கு அந்தப் பக்கம் அஸ்வதி வகுப்பைத் தொடங்கினாள். “இது ஜிஜா டீச்சர் கண்டுபிடிச்ச வழியாக்கும்” என்றாள். ஹெர்பெஸுக்கு முன்னாலும் சொன்னாள், பாக்ஸுக்கு முன்னாலும் சொன்னாள். மஞ்சப்பித்தத்தை ஐந்து வீடாகப் பிரித்துவிட்டு, “இதையும் ஜிஜா டீச்சருக்கு முன்னமே தெரியும்” என்றாள், மற்றதைச் சொன்ன அதே குரலில். ஜிஜா இந்தப் பக்கம் போர்டில் எழுதாமல் நின்றுகொண்டிருந்தாள். பிந்துவின் பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. காலையில் வரும் வழியில் நின்று கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள்.

மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் அஸ்வதி வழக்கமான நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். ஜிஜா தன் பாத்திரத்தைத் திறந்து, அவளுக்குப் பிடித்த மத்திக் கறியை நடுவில் நகர்த்தி வைத்தாள். “அஸ்வதி, நான் வந்து...” என்று தொடங்கினாள்.

“டீச்சர் சாப்பிடுங்க. எனக்கு இன்னைக்கு மீன் வேண்டாம்” என்றாள் அஸ்வதி, மரியாதையாக. அவள் ஜிஜாவை டீச்சர் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

மேஜையின் அந்தக் கோடியில், கெமிஸ்ட்ரிக்குப் புதிதாகச் சேர்ந்த பெண் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அஸ்வதி அவளைப் பார்த்துத் தன் பொரியல் பாத்திரத்தை நீட்டினாள். “கொஞ்சம் தோரன் எடுத்துக்கோ மக்கா” என்றாள்.

ஜிஜா அந்தப் பெண்ணைப் பார்த்தாள். சிறகையும் ஃப்ளெக்ஸையும் பார்த்து எரிந்ததெல்லாம் இந்த ‘மக்கா’வுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று அப்போது தெரிந்தது. பிசைந்த சோறு கையிலேயே இருந்தது. அந்தப் பெண் தோரனை எடுத்துக்கொண்டு சிரித்தாள்.